சாம்பாரின் மஞ்சள் காய்கறியின் நிறம் அன்று

ஆலோசனைக்கு வருவோரிடம், முந்தைய நாள் உண்டவற்றை வரிசையாகச் சொல்லும்படி கேட்பது உணவியல் வல்லுநர்களாகிய எங்கள் வழக்கம். இட்லி, சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இரவில் தோசை என்று அடுக்குபவர்களிடம் காய்கறியைப் பற்றி வினவினால், "அதுதான் தினமும் சாம்பாரில் இருக்கிறதே" என்பார்கள். சாம்பாருக்கு நிறம் தந்தவை மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளுமே. தட்டுக்கு வந்து சேர்ந்த காய் இரண்டு மூன்று துண்டுகள்தாம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறிகளையும் பழங்களையும் பரிந்துரைக்கிறது. உருளை, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகள் அக்கணக்கில் சேரா.

நிறங்கள் மாறும்போது சத்துகளும் மாறுகின்றன. சமைக்கும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும். கேரட், பரங்கிக்காய், பப்பாளி ஆகியவற்றின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின், உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. முருங்கைக்கீரையிலும் அது நிறைய உண்டு. பச்சையம் மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொழுப்பில் கரையும் சத்து என்பதால், சிறிது எண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்த்த பொரியலிலிருந்து உடல் அதை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். தக்காளியின் சிவப்பான லைகோபீனும் பச்சையாக உண்பதைவிட எண்ணெயில் வதக்கிய தொக்கில் எளிதாகக் கிடைக்கிறது. பீட்ரூட்டின் செந்நிறமும் கத்தரித்தோலின் ஊதாவும் நீரில் கரைபவை. ஆகவே வேகவைத்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. வைட்டமின் சி சூட்டில் சிதைவதால் கொய்யாவையும் நெல்லிக்காயையும் பச்சையாகவே உண்பது நல்லது.

கிவிப் பழத்தைத் தேடி அலைபவர்களைப் பார்க்கையில் எனக்குச் சற்று வருத்தமே. தள்ளுவண்டிக் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. நிறத்தையே அளவுகோலாக்கி, வெளிறிய முள்ளங்கியையும் பூண்டையும் ஒதுக்குவதும் தவறு. உழவர் சந்தைக்குச் செல்பவர்கள் ஒரே காயை இரண்டு கிலோ வாங்காமல், ஒரு கீரை, ஒரு ஆரஞ்சு நிறக் காய், ஒரு ஊதா நிறக் காய் எனக் கால் கிலோ அளவில் பிரித்து வாங்கினாலே வாரம் முழுவதும் தட்டு மாறும்.

நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைச் சாறாக்காமல் முழுதாக, அளவோடு உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் சேர்ந்துவிடக்கூடும் என்பதால் இப்பொது அறிவுரை பொருந்தாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களும், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன்னர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.