சிற்றினம்: ‘ஸ்பீசிஸ்’ என்பதற்கு எது சரியான தமிழ்?

கல்லூரி முதலாண்டில் உயிரிகளின் பன்மையைப் படிக்கத் தொடங்குபவர் தலைகீழாக ஒப்பித்துவிட்டு, கடைசிவரை பொருள் தடுமாறும் சொல் ஒன்று உண்டென்றால் அது, உயிரி வகைப்பாட்டின் அடிப்படைப் பிரிவைக் குறிக்கும் ‘ஸ்பீசிஸ்’. ஒரு நூல் அதைச் சிற்றினம் என்கிறது, இன்னொன்று இனம் என்கிறது, வேறொன்று ஒலிபெயர்த்து ஸ்பீசிஸ் என்றே விட்டுவிடுகிறது. சொல்ல வருவது ஒன்றுதான். ஆனால் மூன்றையும் கலந்து எழுதினால் விடையின் பொருளே மாறிவிடும்.

மூலத்திலிருந்து வருவோம். இலத்தீனில் ‘பார்த்தல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. முதற்பொருள்: தோற்றம், கண்ணுக்குப் படும் வடிவம். ஸ்பெக்ட்ரம், ஸ்பெசிமன் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையே. பிற்கால இலத்தீனில் ‘வகைவகையான சரக்கு’ என்ற பொருளும் சேர்ந்தது. அந்த வழியில் வந்ததுதான் நறுமணச் சரக்கைக் குறிக்கும் ‘ஸ்பைஸ்’. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம். ஒன்றே ஒன்றைக் குறிக்க ‘ஸ்பீசி’ என்று வெட்டி எழுதுவது பரவலான பிழை. அப்படி ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் நாணயமாக உள்ள பணம்.

ஆக, மூலச்சொல்லின் அடியில் இருப்பது ‘பார்க்க எப்படி இருக்கிறது’ என்ற கேள்வி. நெடுங்காலம் வகைப்பாடும் அப்படித்தான் நடந்தது. லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் இருசொற் பெயர்களை (மனிதருக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்பது போல) ஒழுங்காக நிறுவியவர். இன்றைய பெயரிடும் விதிகள் இவ்விரு ஆண்டுகளைத்தான் தொடக்கமாகக் கொள்கின்றன. அவரே மல்லார்டு வாத்தில் ஏமாந்தார். ஆணின் தலை பளபளக்கும் பச்சை, பெண் உடல் முழுக்கப் பழுப்புப் புள்ளி. இரண்டையும் இரண்டு தனிச் சிற்றினங்களாகக் கருதித் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டார். தோற்றத்தை மட்டும் நம்பினால் கணவனும் மனைவியும் வேறு குலமாகிவிடுவார்கள். இத்தனைக்கும் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே 1686-இலேயே, ஒரே தாவரத்தின் விதையிலிருந்து முளைத்தவை எவ்வளவு வேறுபட்டாலும் ஒரே சிற்றினம்தான் என்று எழுதியிருந்தார்.

இப்போது தமிழ்ப் பக்கம். ‘இனம்’ பழஞ்சொல். அதன் அடியில் தோற்றம் இல்லை, உறவும் கூட்டும்தான் இருக்கின்றன: உற்றார், கூட்டம், ஒரு தன்மையால் ஒன்றுபட்டவை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று இலக்கணம் பிரிப்பதும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தல்ல, ஒலி பிறக்கும் இயல்பைப் பார்த்து. தொல்காப்பியத்தில் மரபியல் என்ற இயல் புல், மரம் தொடங்கி உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது ஒவ்வொரு படியிலும் ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று முடிக்கும். கிளை என்றால் உற்றார். பிறப்பு என்றால் பிறந்த வழி. மரபுவழி உறவை மரமாக வரைந்து கிளைகளை எண்ணும் இன்றைய உயிரியலுக்கு, தோற்றம் என்று பொருள்படும் இலத்தீனைவிட உறவு என்று பொருள்படும் தமிழ் நெருக்கமாகவே பொருந்துகிறது. இனப்பெருக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே இனம் உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள்.

பிறகு ‘சிறு’ எதற்கு? இனம் என்ற சொல்லுக்குப் படிநிலை கிடையாது என்பதுதான் சிக்கல். புள்ளினம் என்றால் பறவைகள் அனைத்தும், அதாவது ஒரு முழு வகுப்பு. வண்டினம் அதற்குக் கீழே எங்கோ நிற்கும். மாட்டிலும் நாயிலும் இனம் என்றால் மனிதர் தேர்ந்து வளர்த்த வளர்ப்பு வகை. மனிதரிடையே வந்தால் இனவெறியில் வரும் இனம். இவ்வளவையும் சுமக்கும் சொல்லை வகைப்பாட்டின் கடைசிப் படிக்கு மட்டும் ஒதுக்க முடியாது. அதனால் ‘ஜீனஸ்’ என்பதைப் பேரினம் என்றும், அதற்குள் அடங்கும் ‘ஸ்பீசிஸ்’ என்பதைச் சிற்றினம் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணை சேர்த்தன. பெருமை + இனம், சிறுமை + இனம். இங்கே சிறுமை அளவைச் சொல்கிறது, தரத்தை அல்ல. குறளின் 46-ஆம் அதிகாரம் ‘சிற்றினஞ்சேராமை’. அங்கே சிற்றினம் என்றால் கீழ்மக்கள் கூட்டு. குறள் மட்டும் படித்தவரிடம் ‘நீங்கள் ஹோமோ சேப்பியன்ஸ் என்ற சிற்றினத்தைச் சேர்ந்தவர்’ என்றால் வசவாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இலங்கைத் தமிழ் நூல்கள் வேறு தடத்தில் போகின்றன. அங்கே அடுக்கு இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று இறங்கும். ‘ஜீனஸ்’ என்ற இலத்தீனும் ‘ஜாதி’ என்ற வடசொல்லும் பிறத்தல் என்ற ஒரே தொல்வேரிலிருந்து வந்தவை; எனவே சாதி என்பது சொற்பிறப்பில் அச்சு அசலான இணை. ஆனால் அந்தச் சொல் சமூகத்தில் சுமக்கும் பாரம் வேறு. எந்த வழக்கைப் பின்பற்றினாலும் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்ற வேண்டும். பேரினம், இனம் என்று பாதி இங்கும் பாதி அங்குமாக எழுதினால், இனம் என்றது சிற்றினத்தையா வளர்ப்பு வகையையா என்ற ஐயம் வரும். எங்கள் தேர்வு சிற்றினம்தான்: நீளமானாலும் குழப்பாது.

சொல் சரி, பொருள்? 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் கொடுத்த வரையறையைத்தான் பெரும்பாலான தொடக்கப் பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன: இயற்கையில் தமக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்யும், பிற கூட்டங்களோடு அவ்வாறு கலக்காமல் பிரிந்து நிற்கும் உயிரித்தொகை. விடை எழுதும்போது பலர் விட்டுவிடும் சொல் ‘இயற்கையில்’. சிங்கமும் புலியும் கூண்டில் சேர்ந்து குட்டி ஈன்றிருக்கின்றன. அதனால் அவை ஒரே சிற்றினம் ஆகிவிடாது. இன்னொன்று, குட்டி பிறப்பது மட்டும் போதாது, அந்தக் குட்டிக்கு இனம் பெருக்கும் திறனும் வேண்டும். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 பெற்றுப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. பாலணு உருவாகும் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் இணைசேர வேண்டும். ஒற்றைப்படையாக இருப்பதாலும், இரு பெற்றோரின் குரோமோசோம்கள் அமைப்பில் ஒத்துப்போகாததாலும் இணைசேர்வது குலைகிறது. உடல் வலுவானது, ஆனால் ஏறக்குறைய எப்போதும் மலடு.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு காய்கறிக் கூடையில் இருக்கிறது. முட்டைக்கோசு, பூக்கோசு, புரோக்கோலி, நூல்கோல் நான்கும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே சிற்றினம். ஒன்றில் மொட்டின் இலைகளையும், இரண்டில் பூங்கொத்தையும், மற்றொன்றில் பருத்த தண்டையும் பெரிதாக்கித் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். இவை ஒன்றுக்கொன்று கலக்கும். இப்படிப் பயிரில் மனிதர் உண்டாக்கிய பிரிவுக்கு ரகம் என்ற சொல் நன்றாக ஓடுகிறது. அங்கே சிற்றினம் என்று எழுதுவது பிழை. நாய்களில் எத்தனை வளர்ப்பு வகை இருந்தாலும் சிற்றினம் ஒன்றே என்பதும் இதே கணக்கு.

மேயரின் வரையறை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பாக்டீரியாக்கள் இருபிளவாகப் பெருகுபவை, கலந்து பெருகும் பேச்சே இல்லை. அங்கே முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரே சிற்றினம் என்று கொள்கிறார்கள். தொல்லுயிர் எச்சங்கள் இனப்பெருக்கம் செய்து காட்டப் போவதில்லை; எலும்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும், மறுபடி தோற்றம்.

பெயர் எழுதும் முறையில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. சிற்றினத்தின் பெயர் என்பது இரண்டு சொல்லும் சேர்ந்தது. மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. ‘பேரினம் மாஞ்சிஃபெரா, சிற்றினம் இண்டிகா’ என்று பிரித்துச் சொல்வது வழக்கத்தில் இருந்தாலும் துல்லியமில்லை. இண்டிகா வெறும் அடைமொழி, ‘இந்தியாவுக்குரிய’ என்று பொருள். வேம்பு அசாடிராக்டா இண்டிகா, புளி டாமரிண்டஸ் இண்டிகா. ‘இண்டிகா’ என்று மட்டும் எழுதினால் மாவா, வேம்பா, புளியா? அடைமொழி பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்பத் திரியும்: எள் செசாமம் இண்டிகம், ஏனென்றால் செசாமம் இலத்தீனில் அஃறிணைப் பால். டாமரிண்டஸ் ஆண்பால் ஈறு போல ஒலித்தாலும் மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்ளும் இலத்தீன் மரபால் இண்டிகா என்றே நிற்கிறது. ஈற்றைப் பார்த்து ‘இண்டிகஸ்’ என்று திருத்தப் போகாதீர்கள்.

இரண்டு சொல்லும் ஒன்றாகவே இருக்கலாமா? விலங்கில் ஆகும், தாவரத்தில் ஆகாது. நாகப்பாம்பு நாஜா நாஜா. அந்தப் பெயரே ‘நாகம்’ என்பதன் திரிபு. ஒரே பேரினப் பெயர் தாவரத்துக்கும் விலங்குக்கும் இருக்கலாம், இரண்டுக்கும் விதிநூல் வேறு என்பதால்: மோரஸ் என்பது முசுக்கொட்டையும்தான், கேனட் என்ற கடற்பறவையும்தான்.

ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது, அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி அடிக்கோடு. ஒரே நீளக் கோடாக இழுப்பது தவறு. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது இல்லை, சாய்வெழுத்தோ அடிக்கோடோ மட்டும் போதும். பேரினம் தெரிந்து அதற்குமேல் அடையாளம் காண முடியாவிட்டால் பேரினப் பெயருக்குப் பின் ‘எஸ்பி.’ வரும், அதே பேரினத்தின் பலவற்றைச் சேர்த்துச் சொல்ல ‘எஸ்பிபி.’ இந்தச் சுருக்கங்கள் சாய்வெழுத்தில் வராது.

கடைசியாக இதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொல். ‘பயோடைவர்சிட்டி’ என்பதற்குப் பல்லுயிர்ப் பெருக்கம் என்று பரவலாக எழுதுகிறார்கள். பெருக்கம் எண்ணிக்கை கூடுவதைச் சொல்லும். மூலச்சொல்லில் கூடுதல் இல்லை, வேறுபாடுதான் இருக்கிறது. இரண்டு குளங்களில் நூறு நூறு பூச்சிகள், ஒவ்வொன்றிலும் நான்கு சிற்றினங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குளத்தில் 25, 25, 25, 25. இரண்டாவதில் 97, 1, 1, 1. தலைக்கணக்கும் ஒன்று, சிற்றின எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் ஒவ்வொன்றின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி 1-இலிருந்து கழிக்கும் சிம்ப்சன் குறியீடு முதல் குளத்துக்கு 0.75, இரண்டாவதற்கு 0.06 கூட இல்லை. இரண்டாவது குளத்தில் 97-ஆக இருப்பது அடுத்த மாதம் 970 ஆனால் பெருக்கம்தான். பன்மை இன்னும் குறையும். பல்லுயிர்ப் பன்மை, அல்லது பல்வகைமை என்று எழுதினால் இந்தக் கணக்கைப் போடும்போது சொல் குறுக்கே நிற்காது.