பிடிஎன்எஃப்: வளர்ச்சியா, ஊட்டமா?

ஞாபக மறதி பற்றி எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் ‘பிடிஎன்எஃப்’ கண்ணில் படுகிறது. மூளையில் நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம் இது. விரித்தால் ‘பிரெய்ன் டிரைவ்டு நியூரோட்ரோஃபிக் ஃபேக்டர்’. இதைச் சிலர் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. அது இத்தாலிய அறிவியலாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினி கண்டறிந்த வேறொரு புரதத்தின் பெயர். 1986இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது அதுதான். பிடிஎன்எஃப் அதற்குத் தம்பி முறை.

குழப்பம் ‘ட்ரோஃபிக்’கில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ட்ரோஃபே’ என்றால் உணவு, ஊட்டம். தசை சூம்பிப்போவதை மருத்துவர்கள் ‘அட்ராஃபி’ என்கிறார்களே, அதிலும் இதே வேர்தான்: ஊட்டம் அற்ற நிலை. ‘நியூரோ’வுக்கு மூலமான ‘நியூரான்’ கிரேக்கருக்குத் தசைநாண். வில்லின் நாணும் யாழின் தந்தியும்கூட. நம் ‘நரம்பு’ம் யாழில் கட்டியிருந்ததுதானே! இந்த ஒரு சொல்லில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

‘பிரெய்ன் டிரைவ்டு’ என்பது பிறந்த ஊரைச் சொல்லும் அடைமொழி. 1982இல் ஜெர்மனியில் இவ்-அலைன் பார்டேவும் ஹான்ஸ் தோனனும் உள்ளிட்ட குழுவினர் ஒன்றரைக் கிலோ பன்றி மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். பின்னாளில் இரத்தத் தட்டணுக்களிலும் இது இருப்பது தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதன் வேலையைப் பார்த்தாலும் ‘ஊட்டம்’தான் பொருந்துகிறது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒரே நரம்பணுக்கள் மறுபடி மறுபடி கிளர்கின்றன. அப்போது அவை சந்திக்கும் இணைப்பில் பிடிஎன்எஃப் சுரந்து, நரம்பணுவின் மேற்பரப்பில் அதை ஏற்கும் ‘ட்ர்க்-பி’ என்ற ஏற்பியில் ஒட்டி, அந்த இணைப்பை வலுவாக்குகிறது. புதிதாக எதையும் முளைக்கச் செய்யாமலே, இருப்பதைப் பேணவும் இதனால் முடியும். இந்தப் புரதம் முதலில் நீண்ட முன்வடிவமாக உருவாகி, பிறகு வெட்டப்பட்டுத்தான் பிடிஎன்எஃப் ஆகிறது. வேடிக்கை என்னவென்றால், வெட்டுப்படாத முன்வடிவம் இதற்கு நேரெதிராக இணைப்பைத் தளர்த்தும். அந்த முன்வடிவத்தில் 66ஆம் இடத்து அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) வேலினுக்குப் பதில் மெத்தியோனினாக இருந்தால், தேவைப்படும் நேரத்தில் சுரப்பது குறைகிறது. அத்தகையவர்களுக்கு நிகழ்வுகளை நினைவுகூரும் திறன் சற்றுக் குறைவு என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

தமிழில் ‘மூளைவழி நரம்பூட்டக் காரணி’ எனலாம். நீளம்தான். ‘நரம்பூட்டி’ என்று சுருக்க எனக்கும் ஆசை. ஆனால் பாலை ஊட்டுவது பாலூட்டி என்றால், நரம்பூட்டி எதை ஊட்டும்?