தந்தி: யாழில் இருந்த சொல் கம்பத்தில் ஏறிய கதை

குளிரில் நடுங்கும்போது ‘பல் தந்தியடிக்கிறது’ என்கிறோம். தந்திச் சேவை இந்தியாவில் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆனால் தந்தியையே பார்த்திராத பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது மின்சாரத்தில் தொடங்கவில்லை, இசையில் தொடங்குகிறது.

தந்தி என்றால் முதலில் வீணையில் கட்டும் கம்பி. வடமொழியின் ‘தந்த்ரீ’ தமிழில் தந்தி ஆனது. நீட்டுதல், இழுத்துக் கட்டுதல் என்ற பொருளுள்ள ‘தன்’ அதன் வேர். (யானையைக் குறிக்கும் தந்தி வேறு. அது தந்தம் உடையது என்ற பொருளில் வந்தது. பிள்ளையாரைத் தந்திமுகன் என்பது அந்த வழியில்தான்.) வீணைத் தந்திக்குத் தமிழின் பழைய சொல் நரம்பு. சங்கப் பாட்டில் யாழுக்கு இருப்பது நரம்புதான், தந்தி அல்ல.

இந்தச் சொல்லைத்தான் 19ஆம் நூற்றாண்டில் டெலிகிராஃபுக்குக் கொடுத்தார்கள். டெலிகிராஃப் கிரேக்க வேர்களால் ஆன சொல்: ‘டெலி’ தொலைவு, ‘கிராஃப்’ எழுதுவது. ஆனால் இந்தப் பெயர் பிறந்தபோது கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிரான்ஸில் குளோத் ஷாப் என்பவர் குன்றுகளிலும் கோபுரங்களிலும் பெரிய மரக்கைகளை நிறுத்தி, அவற்றின் கோணத்தை மாற்றி மாற்றிச் செய்தி சொன்னார். அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அதே கோணத்தில் தன் கைகளைத் திருப்புவார். 1794இல் பாரிஸுக்கும் லீலுக்கும் இடையே இது ஓடியது. இரவிலும் மூடுபனியிலும் ஊமை. மின்சாரம் வந்த பிறகு பழைய பெயரையே புதிய கருவிக்கும் வைத்துக்கொண்டார்கள்.

மின்தந்தியை முதலில் வேலைக்கு விட்டது இங்கிலாந்தின் ரயில் பாதைகள். குக், வீட்ஸ்டன் இருவரும் 1837இல் காப்புரிமை பெற்ற கருவியில் காந்த ஊசிகள் திரும்பி எழுத்தைக் காட்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் 20க்குத்தான் அதில் இடம். ‘க்யூ’ விடுபட்ட ஒன்று. பின்னால் வந்த இரட்டை ஊசிக் கருவியிலும் அதற்கு இடமில்லை. இதனால் 1845 ஜனவரி முதல் நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. ஸ்லவ் ஊருக்கு அருகே ஒரு பெண்ணை விஷம் வைத்துக் கொன்றுவிட்டு ஜான் டாவெல் லண்டன் ரயில் ஏறிவிட்டான். ஸ்லவ் நிலையத்திலிருந்து பாடிங்டன் நிலையத்துக்குச் செய்தி பறந்தது: ஆள் குவேக்கர் உடையில் இருக்கிறான், பழுப்பு நிற நீண்ட அங்கி ஏறக்குறைய பாதம் வரை தொங்குகிறது. குவேக்கர் என்ற கிறித்தவச் சபையின் பெயர் ‘க்யூ’வில் தொடங்கும். அந்த எழுத்து இல்லாததால் ‘கே’, ‘டபிள்யூ’ என்று அனுப்பினார்கள். வாங்கியவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் புரிந்தது. ரயில் வந்து சேர்வதற்குள் போலீஸ் காத்திருந்தது, டாவெல் பிறகு தூக்கில் ஏறினான். ஓடும் ரயிலைச் செய்தி முந்தியதை ஊரே பார்த்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் மோர்ஸ் 1844 மே 24இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பினார். அவர் முறைக்கு ஊசியும் வேண்டாம், ஒற்றைக் கம்பி போதும். புள்ளியும் கோடும்தான் எழுத்து. நாளடைவில் தந்தி ஊழியர்கள் புள்ளியும் கோடும் பதியும் காகித நாடாவைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, கருவியின் கடகட ஒலியைக் காதால் கேட்டே எழுதினார்கள். பல் தந்தியடிப்பது இந்தக் கடகடதான்.

நம் நாட்டில் கல்கத்தா மருத்துவர் ஓஷாக்னசி 1839இலேயே சோதனை செய்து பார்த்தார். 1851இல் கல்கத்தா, டயமண்ட் ஹார்பர் தடம் வந்தது. அவர் மெல்லிய கம்பியை நம்பவில்லை. காக்கை, குரங்கு ஏறினாலும் தாங்கும்படி கனத்த இரும்புக் கம்பிகளையே மரக்கம்பங்களில் பூட்டினார். 1855இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். சாலையோரம் ஆள் பார்த்ததெல்லாம் கம்பம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கம்பி. அதனால்தான் இந்திய மொழிகள் பலவும் ‘தொலைவை’ விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டன என்று நினைக்கிறேன்: இந்தியில் ‘தார்’, மலையாளத்தில் ‘கம்பி’, கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் தந்தி.

சரி, தூய தமிழில் என்ன சொல்வது? ‘தொலைவரி’ இருக்கிறது. வரி என்றால் கோடு, எழுத்து இரண்டும்; வரிவடிவம் என்கிறோமே, அந்த வரி. கிரேக்கப் பொருளுக்கு நேராக நிற்கிறது. ஷாப்பின் மரக்கைகளைத் தந்தி என்றால் பொருந்தாது, தொலைவரி என்றால் பொருந்தும். ஆகவே வரலாறு எழுதுபவருக்கு இந்தச் சொல் அவசியம். மின்கம்பியில் போனதற்குத் தந்தியே போதும் என்பது என் கருத்து. அது கடன் சொல்தான், ஆனால் தந்திக்கம்பம், தந்திச்சேவகர், தந்தியடி என்று கிளைத்துத் தமிழாகவே வேர்விட்டது. வயர்லெஸ் வந்தபோது ‘கம்பியில்லாத் தந்தி’ என்றோம். கம்பி என்ற பழைய பொருள் கழன்று, செய்தி என்ற பொருளே நின்றுவிட்டது. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயரிலும் தந்தி இருப்பது அதனால்தான். இலக்கணத் தூய்மையைப் பார்த்தால் ‘டெலிகிராம்’ என்பதும் தப்பவில்லை. 1852இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் அது அறிமுகமானது. பிறகு, கிரேக்க விதிப்படி ‘டெலிகிராஃபீம்’ என்றுதான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சண்டை பிடித்தார்கள். மக்கள் கேட்கவில்லை.

எனக்கு ஒரு ஏக்கம் மட்டும் உண்டு. 1850இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் துடிப்பு ஓடும் வேகத்தை அளந்தார். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர். உடலின் நரம்புகளைத் தந்திக் கம்பிகளோடு ஒப்பிட்டும் பேசினார். யாழில் கட்டுவது, உடலில் ஓடுவது இரண்டுக்கும் நம்மிடம் முன்பே ஒரே சொல் இருந்தது, நரம்பு. கம்பத்தில் ஏறியதற்கும் அதையே வைத்திருக்கலாம்.