ஃபவுல்: இருப்புப்பாதைப் பணியிடப் பாதுகாப்பில் ‘ஊறெல்லை’

ஃபவுல் என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் முதலில் விளையாட்டுத் திடலில்தான் கேட்டிருப்போம். கால்பந்திலோ கபடியிலோ நடுவர் விசில் ஊதி ‘ஃபவுல்’ என்றால், யாரோ விதியை மீறிவிட்டார், அதற்குத் தண்டனை உண்டு என்று பொருள். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க இரயில்பாதைப் பணியாளர் பாதுகாப்பு விதிகளைப் படிக்கப் புகுந்தவர், ‘தடத்தை ஃபவுல் செய்தல்’ என்ற தொடரைக் கண்டதும் அதையும் ஒரு குற்றமாகவே எடுத்துக்கொள்வார். அகராதியைத் துணைக்கு அழைத்தால் ‘அசுத்தப்படுத்துதல்’, ‘கறைப்படுத்துதல்’ என்ற பொருள்கள் வந்து நிற்கும். தடத்தில் குப்பை போடக் கூடாது என்று சொல்வதற்கா இத்தனை பக்கச் சட்டம் என்று அவர் வியக்கவும் கூடும். இரண்டு புரிதலும் பிழையானவை. அந்த விதிகளில் ஃபவுல் என்பது குற்றத்தையும் குறிப்பதில்லை, அழுக்கையும் குறிப்பதில்லை. ஓடும் வண்டி வந்தால் அடிபடக்கூடிய நெருக்கத்தில் ஒரு மனிதரோ ஒரு கருவியோ இருக்கும் நிலையையே அது குறிக்கிறது.

அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பு, 214-ஆம் பகுதி இந்த நிலையை வரையறுக்கிறது. ஓடும் இரயிலோ தடத்தில் செல்லும் எந்திரமோ மோதக்கூடிய அளவுக்கு ஓர் ஆளோ கருவியோ தடத்தை நெருங்கியிருந்தால், அது ஃபவுல் நிலை. அதோடு, மோதுமா மோதாதா என்ற வாதத்துக்கே இடமில்லாமல், அருகிலுள்ள தண்டவாளத்தின் வெளிப்புறத்திலிருந்து 4 அடிக்குள் இருந்தாலே அது ஃபவுல் நிலைதான். அங்கே சரக்குப் பெட்டிகளின் அகலம் 10 அடி 8 அங்குலம் வரை இருக்கலாம். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலமோ 4 அடி 8½ அங்குலம். அதாவது பெட்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே இரண்டரை அடிக்கு மேல் துருத்திக்கொண்டு வருகிறது. எஞ்சிய ஓரடிச் சொச்சம்தான் ஒரு மனிதரின் தோள் அசைவுக்கும், கையிலுள்ள கடப்பாரையின் நீளத்துக்கும், வண்டியில் தளர்ந்து தொங்கும் ஒரு கட்டுப்பட்டைக்கும் விடப்பட்டிருக்கும் இடம். ‘தாராளமாகத்தான் தள்ளி நிற்கிறேன்’ என்று நினைப்பவர்களில் பலர் இந்தக் கணக்குக்குள் நின்றுகொண்டிருப்பார்கள்.

யாருக்கு இந்தப் பாதுகாப்பு உரியது என்பதையும் இதே சொல்லே முடிவு செய்கிறது. பாதை, பாலம், சமிக்ஞை, தகவல்தொடர்பு, மின்னிழுவை ஆகியவற்றைப் பார்வையிட்டும் கட்டியும் பழுதுநீக்கியும் வேலை செய்பவர், தம் பணியின்போது தடத்தை ஃபவுல் செய்யும் வாய்ப்புடையவராக இருந்தால், அவர் இரயில் நிறுவனத்தின் நேரடி ஊழியராயினும் ஒப்பந்தக்காரரின் ஆளாயினும், ‘பாதைப் பணியாளர்’ என்ற வரையறைக்குள் வருகிறார். பயிற்சி, வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்பு விளக்கம், பாதுகாப்பு போதவில்லை என்று நல்லெண்ணத்தோடு கருதினால் அந்த ஏற்பாட்டை எதிர்த்து மறுக்கும் உரிமை ஆகிய அனைத்தும் அந்த வரையறையிலிருந்தே அவருக்குக் கிடைக்கின்றன. எனவே இச்சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால், ஓர் ஆளின் உரிமை தொடங்கும் இடமே மறைந்துபோகும்.

சொல்லின் வேர் அழுகலில்தான் இருக்கிறது என்பது உண்மையே. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபூல்’ என்றால் அழுகியது, நாறுவது; இலத்தீனில் சீழைக் குறிக்கும் ‘பூஸ்’, வடமொழியில் அழுகல் நாற்றத்தைக் குறிக்கும் ‘பூதி’ ஆகியவை இதன் தூரத்து உறவுகள். பொருள் திரும்பியது கடலில்தான். கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டால் அது ஃபவுல். கயிறு சிக்கிக்கொண்டால் ஃபவுல். நங்கூரத்தில் அதன் வடமே சுற்றிக்கொண்டால் ஃபவுல். சிக்கல் சுற்றிய நங்கூரம் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் சின்னமாகவே விளங்கியது. சிக்கலின்றி இருப்பதை மாலுமிகள் ‘கிளியர்’ என்றார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரட்டைச் சொற்கள் 19-ஆம் நூற்றாண்டில் இரயில்பாதைக்கும் வந்து சேர்ந்தன. ஒரு வண்டியின் வழியில் மற்றொன்று குறுக்கே இருந்தால் ஃபவுல், விலகியிருந்தால் கிளியர். விளையாட்டுத் திடலின் குற்றப்பொருள் இதே சொல்லின் வேறொரு கிளை. இரயில்பாதைக்கு வந்தது மாலுமிகளின் கிளை. அதில் பழி இல்லை, தடை மட்டுமே உண்டு.

இந்தச் சொல் சட்டத்தில் இவ்வளவு எடை பெற்றதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன: அக்டோபரில் கூட்டரசு இரயில்பாதைப் பாதுகாப்புச் சட்டம், டிசம்பரில் எல்லாத் தொழில்களுக்குமான பணியிடப் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வுச் சட்டம். மற்றொரு கூட்டரசுத் துறை ஏற்கெனவே விதி செய்து செயற்படுத்தும் பணிச்சூழலில் தன் அதிகாரம் செல்லாது என்று பின்னது தானே சொல்லிவிட்டதால், இரயில் ஊழியர் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. கூட்டரசு இரயில்பாதை நிர்வாகம் 1978-இல் ஒரு கொள்கை அறிக்கையின் வழியே எல்லை வகுத்தது: வண்டி ஓட்டத்தோடு பிணைந்த ஆபத்துகள் தன்னுடையவை, பணிமனை போன்ற இடங்களில் எந்தத் தொழிலுக்கும் பொதுவான ஆபத்துகள் ‘ஓஷா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தவை. இருந்தும், தடத்தில் இறங்கி வேலை செய்பவரை ஓடும் வண்டியிடமிருந்து காக்கும் முழுமையான விதி உடனே வரவில்லை. பாலப் பணியாளர்களுக்கான விதி 1992-இல் வந்தது. பாதைப் பணியாளர்களுக்கான விதி, தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் அரசும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி உருவாக்கியபின், 1996 டிசம்பரில் வெளியாகி 1997 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்து விதி வரும்வரை கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை எளிதில் கடந்துபோக என்னால் இயலவில்லை.

அந்த விதியின் அடிப்படை மிக எளிது. வேலை நிமித்தம் தேவைப்பட்டாலன்றி யாரும் ஃபவுல் நிலைக்குச் செல்லக் கூடாது. சென்றாக வேண்டுமானால், பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டே செல்ல வேண்டும். ஏற்பாடுகளில் ஒன்று, காவலாளை நிறுத்தி எச்சரிப்பது. அப்படி நிறுத்தப்பட்டவருக்கு வண்டி வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் தரக் கூடாது. அவர் தரும் எச்சரிக்கை, வேலை செய்பவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும், எந்திர இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், அவரை எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தத் தடத்தின் உச்ச வேகத்தில் வண்டி வந்தாலும், அது கடப்பதற்குக் குறைந்தது 15 விநாடிகளுக்கு முன்னரே எல்லோரும் முன்கூட்டிப் பேசிவைத்த பாதுகாப்பான இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். மணிக்கு 79 மைல் வேகமுள்ள தடத்தில் வண்டி 15 விநாடிகளில் ஏறத்தாழ 530 மீட்டரைக் கடந்துவிடும். கருவியைக் கீழே வைத்துவிட்டு, சரளைக் கல்லில் கால் இடறாமல் விலக இன்னும் 5 விநாடிகள் தேவை என்றால், காவலாள் 700 மீட்டருக்கு அப்பாலேயே வண்டியைக் கண்டிருக்க வேண்டும். வளைவொன்று அந்தத் தொலைவுக்குள் பார்வையை மறைத்தால், அந்த இடத்தில் இந்த முறையே செல்லாது.

மற்றோர் ஏற்பாட்டின் பெயர் ‘ஃபவுல் டைம்’. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை, நீங்கள் விலகிவிட்டதாகச் சொல்லும்வரை வண்டி எதையும் விடமாட்டேன் என்று வண்டிப்போக்கைக் கட்டுப்படுத்துபவர் பாதைப் பணியாளருக்குத் தரும் உறுதிமொழி அது. சொல்லப்பட்டதைப் பணியாளர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டின் வலிமையும் பலவீனமும் வாய்ச்சொல்லில்தான் இருக்கின்றன என்பதை 2016 ஏப்ரல் 3 அன்று பென்சில்வேனியாவின் செஸ்டரில் நடந்த விபத்து காட்டியது. இரவு முறையின் மேற்பார்வையாளர் தம் ஃபவுல் நேரத்தை முடித்துக்கொடுத்துவிட்டார்; பகல் முறையினர் புதிதாகப் பெறவில்லை; மண்வாரி எந்திரமோ தடத்திலேயே நின்றது. மணிக்கு 100 மைலை ஒட்டிய வேகத்தில் வந்த ஆம்டிராக் பயணிகள் வண்டி அதன்மேல் மோதி, பணியாளர் இருவர் உயிரிழந்தனர். இரு தண்டவாளங்களையும் மின்வழியாக இணைத்து ‘இத்தடம் காலியாக இல்லை’ என்று சமிக்ஞைக்குக் காட்டும் துணைக்கருவியும் அன்று பொருத்தப்பட்டிருக்கவில்லை. அவர்கள் இருந்த இடம் மாறவேயில்லை. அந்த இடத்துக்கு இருந்த காப்பு மட்டும் முறை மாறும் வேளையில் விலகிவிட்டது.

‘தடத்தை ஃபவுல் செய்தவர் இறந்தார்’ என்று ஒரு விசாரணை அறிக்கை சொன்னால், அதைத் தமிழில் ‘விதிமீறிய பணியாளர் இறந்தார்’ என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அறிக்கை சொன்னது அவர் நின்ற இடத்தை. மொழிபெயர்ப்பு சொல்வது அவர்மேல் பழியை. அமெரிக்க இரயில் ஊழியர்களுக்கு இழப்பீடு 1908-ஆம் ஆண்டின் நிறுவனப் பொறுப்புச் சட்டத்தின்படி கிடைக்கிறது. அதில் தவறு யாருடையது என்பதே வழக்கின் உயிர்நாடி. ஊழியரிடம் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். நிறுவனம் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதும் விபத்துக்குக் காரணமாயிருந்தால் குறைக்கவே முடியாது. ஒரு சொல்லில் பழியை ஏற்றுவது அங்கே ஒரு குடும்பத்தின் சோற்றோடு தொடர்புடையது.

ஆகவே தமிழ்ச் சொல் இடத்தையும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குற்றத்தைச் சொல்லக் கூடாது. ‘தடமறிப்பு’ என்று ஆக்கலாம். ஆனால் மறியல் போராட்டத்தின் நினைவு வருகிறது, வேண்டுமென்றே மறித்ததுபோலவும் ஒலிக்கிறது. ‘குறுக்கீடு’ மெலிந்த சொல். நான் முன்வைப்பது ‘ஊறு’. குறளில் ‘சுவையொளி ஊறோசை’ என்னும் இடத்தில் அது தொடுகை. ‘ஊறொரால்’ என்னும் இடத்தில் இடையூறு. இன்றைய வழக்கில் ‘ஊறு விளைவித்தல்’ என்றால் காயம், தீங்கு. தொடுதல், தடை, காயம் மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. யாரையும் குற்றவாளியாக்குவதும் இல்லை. வண்டி தொடக்கூடிய, தொட்டால் தீங்கு நேரக்கூடிய பரப்பு ‘ஊறெல்லை’. தடத்தை ஃபவுல் செய்தல் ‘ஊறெல்லைக்குள் இருத்தல்’. ஃபவுல் டைம் ‘ஊறெல்லை அனுமதி நேரம்’.

இச்சொல் நம் ஊர் இரயில்வேக்கும் பயன்படும். இரு தடங்கள் ஒன்றுசேரும் இடத்தில், அவற்றின் நடுவே சரளை மட்டத்தில் பதித்து வெள்ளையடித்த ஒரு கல்லைக் காணலாம். அதுதான் ‘ஃபவுலிங் மார்க்’. அகலப் பாதையில் இரு தடங்களின் மையங்களுக்கிடையே 4.265 மீட்டருக்குக் கீழே இடைவெளி குறையத் தொடங்கும் புள்ளியை அது காட்டுகிறது. ஒரு தடத்தில் நிற்கும் வண்டியின் கடைசிப் பெட்டி அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால்தான் பக்கத்துத் தடம் பாதுகாப்பாகும். இதை ‘ஊறெல்லைக் கல்’ என்பது பொருத்தமே.

எதிர்ச்சொல்லில் மட்டும் கவனம் தேவை. ‘லைன் கிளியர்’ தமிழ்ப் பேச்சில் நன்கு வேரூன்றிய தொடர். அது நம் நிலையங்களில் வண்டியை அனுப்பத் தரும் இசைவு. பாதைப் பணியாளர் ‘கிளியர்’ என்று தெரிவிப்பதோ, தாமும் தம் ஆட்களும் கருவிகளும் எல்லைக்கு வெளியே வந்துவிட்டதை. ஒன்று வண்டியைப் பற்றியது, மற்றொன்று மனிதரைப் பற்றியது. எனவே முன்னதை இருக்கிறபடியே விட்டுவிட்டு, பின்னதற்கு ‘விலகல்’ என்று எழுதலாம்: “மூன்றாம் தடத்தில் ஆட்கள் அனைவரும், எந்திரம் உட்பட, ஊறெல்லையிலிருந்து விலகியாயிற்று.”