டீயில் நிறத்தைத் தேடாதீர்கள்

“கலர் நல்லா வருமா?” என் கடைக்கு டீத்தூள் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மணம் எப்படி இருக்கும், எந்த மலையின் இலை, எப்போது பாக்கெட் போட்டது என்று கேட்பவர்கள் குறைவு. வேலூரில் தேயிலை விற்கிறேன், டீ போட்டும் தருகிறேன், புதிதாகக் கடை வைக்க நினைப்பவர்களுக்குத் தொழிலைக் கற்றும் தருகிறேன். நம் பக்கத்து டீயில் இருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். வாங்குகிறவர் நிறத்தைக் கேட்கிறார். விற்கிறவர் எப்படியாவது நிறத்தைக் கொடுத்துவிடுகிறார்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? பச்சைத் தேயிலையை நசுக்கிக் காற்றுப்பட வைக்கும்போது அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகின்றன. அப்படி உருவாகும் தியாஃப்ளேவின்கள் பொன்சிவப்புப் பளபளப்பையும், நாக்கில் சுருக்கென்று தைக்கும் சுவையையும் தருகின்றன. தியாரூபிஜின்கள் அடர்ந்த பழுப்பைத் தருகின்றன. நாம் பால் டீக்குப் போடும் டஸ்ட் வகை, சி.டி.சி. முறையில் தயாராவது. பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வரும். துகள் சிறியது என்பதால் சாறு சட்டென்று இறங்கிவிடும். இலையை உருட்டி மட்டும் எடுக்கும் ஆர்தடாக்ஸ் தேயிலையில் சாறு நிதானமாக இறங்கும், நிறம் மெலிதாக நிற்கும், மணம் தூக்கலாக இருக்கும். டார்ஜிலிங்கில் வசந்த காலத்தில் எடுக்கும் முதல் பறிப்பு வெளிர் பொன்னிறத்தைத் தாண்டிப் போகாது. நம் நாட்டின் விலை உயர்ந்த தேயிலைகளில் அதுவும் ஒன்று.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகின்றன. அவர்கள் தேயிலை வாங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் இலையை வைத்து, மூச்சுவிட்டு ஈரப்படுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். பால் சேர்க்காத ‘லிக்கர் சா’தான் வேண்டும் என்பார்கள். அதே கிளாஸை நம் ஊர்க்காரர் பார்த்தால் “என்னங்க, சுடுதண்ணி மாதிரி இருக்கே” என்கிறார். ஒரு வாய் குடித்த பிறகும் அப்படிச் சொல்பவர்கள் அதிகம் இல்லை.

நமக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு, அதுதான் தண்ணீர். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் பல கடைகளில், வீடுகளில் போர் தண்ணீர்தான் கைகொடுக்கிறது. அது பல தெருக்களில் கடினநீர். பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும் ஒரு பக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஆலைக் கழிவின் உப்பு நிலத்தடி நீரில் இறங்கியது இன்னொரு பக்கம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தப் பாதிப்பைப் பற்றியதுதான்.

கடினநீரில் டீ போட்டுப் பால் விடாமல் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் போல ஓர் ஆடை படரும். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து உண்டாக்குவது அது. எலுமிச்சை பிழிந்தால் அந்த ஆடை வராது, அமிலம் தடுத்துவிடும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் டீயின் சிவப்பு மங்கி, இருண்ட பழுப்பாகிவிடுகிறது. அதில் பால் ஊற்றினால் சாம்பல் சாயல் அடிக்கும். மணமும் அமுங்கிப்போகும். உடனே “தூள் சரியில்ல, கலர் வரல” என்று டீ மாஸ்டர் இன்னொரு கரண்டி போடுகிறார், இன்னும் கொதிக்க விடுகிறார். கசப்பு ஏறுகிறது, சிவப்பு வரவே இல்லை. அடுத்த முறை மண்டியில் “கலர் தூள்” கேட்கிறார். தூளின் மேல் பழி போவதற்கு முன் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகளில், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடலாம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. இவை குடிப்பதற்கு. டீக்கு இன்னும் மென்மையான தண்ணீர் வேண்டும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் கடையில் 100ஐ ஒட்டிய தண்ணீரில்தான் போடுகிறேன். அதற்காக ஆர்.ஓ. மிஷினில் உப்பை அடியோடு எடுத்துவிட்டால் டீ சப்பென்று இருக்கும். கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலந்து சரிசெய்துகொள்ளலாம். மிஷின் இல்லாத வீட்டில் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொதித்தால் படியும் சுண்ணாம்பு மட்டும்தான் இதில் போகும், தோல் ஆலை உப்பு போகாது. ஆனாலும் டீயில் வித்தியாசம் தெரியும். பாய்லரில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதே சுண்ணாம்புதான், சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

சரி, கலர் தூளுக்கு வருவோம். ஏற்கெனவே டீ போட்டு வடித்த சக்கையை உலர்த்தி, சாயம் ஏற்றி, நல்ல தூளோடு கலந்து விற்பது பழைய மோசடி. சன்செட் எல்லோ, கார்மோசின், டார்ட்ராசின் போன்ற சாயங்கள் சில இனிப்பு வகைகளில் குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவை. இதைக் காட்டி “சாப்பிடுற கலர்தானே” என்கிறார்கள். தேயிலையில் எந்தச் சாயத்துக்கும் அனுமதி கிடையாது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை குடிக்கிற பொருள் இது, குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய முறை உண்டு. ஒரு வடிதாளில் தூளைப் பரப்பி, தாள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான தேயிலை என்றால் தாளில் கறை நிற்காது. சாயம் இருந்தால் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு உடனே நிறம் இறங்கினால் கலப்படம் என்று சொல்கிற முறையும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நைசான டஸ்ட், நல்ல தூளாகவே இருந்தாலும், பச்சைத் தண்ணீரில் மெல்ல நிறம் விடும். அதை மட்டும் நம்பி ஒரு கடைக்காரரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகளும் அப்படித்தான். உருளைகள் தேய்வதால் கொஞ்சம் இரும்பு சேரும். கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஒன்றிரண்டு பொட்டு ஒட்டினால் பயப்பட வேண்டாம். காந்தம் மீசை முளைத்தது போல வந்தால் அந்தத் தூளை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுங்கள்.

போடுகிற முறைக்கு நான் கற்றுத் தருவது இவ்வளவுதான். பால் டீ இரண்டு கிளாஸுக்கு 200 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். 4 முதல் 5 கிராம் டஸ்ட் போட்டு மூடுங்கள், அது நிரப்பித் தட்டிய இரண்டு தேக்கரண்டி. மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சக்கையைப் பிழியாதீர்கள், பிழிந்தால் கசப்பு ஏறும். தனியாகக் காய்ச்சிய பாலைச் சூடாகச் சேருங்கள். பாலின் கேசீன் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், பால் தண்ணியாக இருந்தால் டீ நாக்கை உலர்த்தும். ஆவின் பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவீதம்; டீக்கு நான் பச்சைதான் சொல்வேன். நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை என்றால் 200 மில்லிக்கு 2 கிராம் கொஞ்சம் கூட, கொதி அடங்கிய தண்ணீர், மூன்று நிமிடம். கிரீன் டீயைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டுக் கசக்கிறது என்று சொல்லாதீர்கள். அதற்கு 75–80 டிகிரி போதும்.

காலையில் இறக்கிய டிகாக்ஷனைச் சாயங்காலம் வரை பாய்லர் மேல் சூட்டிலேயே வைத்திருப்பது நம் கடைகளில் சாதாரணம். நேரம் போகப் போகக் கருத்துக்கொண்டே வரும். அதை “ஸ்ட்ராங்” என்று நம்புகிறோம். மணம் எப்போதோ பறந்திருக்கும். கடையில் ஒரு தரம் இறக்கியதை இருபது நிமிடத்துக்குள் தீர்க்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள், கூட்டமில்லாத நேரத்தில் இன்னும் குறைவாக.

மருத்துவமனை வாசலில் கடை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இட்லி சாப்பிட்ட கையோடு ஒரு ஸ்ட்ராங் டீ, அப்புறம் ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. இந்த வரிசையில் போகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். டீயிலுள்ள டானின்கள் உணவின் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன, உடம்பில் சேர விடுவதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, டீ விற்கிறவர்களே இதைச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். “மாத்திரை போட்டாச்சாம்மா? அப்ப ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சூடு பற்றியும் ஒரு வார்த்தை: 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்களை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. நன்றாக ஆற்றிக் கொடுங்கள்.

பேப்பர் கப் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 85–90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீரை 15 நிமிடம் வைத்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியேறியதைக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டார்கள். பாலிதீன் கவரில் சுடச்சுடக் கட்டித்தரும் பார்சல் டீயும் வேண்டாத பழக்கம்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தடை. கண்ணாடி கிளாஸைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவிக் கொடுங்கள், பார்சலுக்குத் தூக்கோ ஃபிளாஸ்கோ கொண்டுவரச் சொல்லுங்கள். வார்டுக்கு டீ வாங்கிப் போகிறவர்கள் இரண்டாம் நாளே பழகிவிடுகிறார்கள்.

கடை வைக்கப் போகிறவர்களுக்கு: உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை வாங்கி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுங்கள். பில் இல்லாத உதிரித் தூளை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், எடுக்காதீர்கள். குன்னூர் ஏலத்தில் எடுத்து விற்பவர்களிடமோ, நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவான இன்ட்கோசர்விடமோ, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர உருவான டான்டீயிடமோ வாங்கலாம். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி, சூடம், மசாலா பக்கத்தில் வைக்கக்கூடாது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மூட்டையாக வைத்தால் மணம் போய்விடும். அதனால் முதலில் ஐந்து கிலோவுக்குள் வாங்குங்கள். உங்கள் கடைக் குழாயில் வரும் தண்ணீரில் அந்தத் தூளைப் போட்டு, பால் விடாமல் ஒரு முறை, பால் விட்டு ஒரு முறை குடித்துப் பார்த்த பிறகு மூட்டைக்கு ஆர்டர் கொடுங்கள்.