உப்பிய டேப்லெட்டும் கடைமடைச் சிக்னலும்

மேசைமீது வைத்த டேப்லெட்டின் ஒரு மூலையை விரலால் அழுத்தியபோது எதிர்மூலை மேலெழும்பியது. திரைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளாக அந்த டேப்லெட்தான் குறுவைக்கும் சம்பாவுக்கும் கணக்குப் புத்தகம். இலைநோய்ப் படங்கள், விதை வாங்கிய ரசீதுகள், அம்மாவின் குரல்பதிவுகள் என்று எல்லாமே அதற்குள்தான் இருந்தன. ஊரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி அதைக் கையில் வாங்கியதுமே, "சார், பேட்டரி உப்பிடுச்சு. இனிமே சார்ஜ் போடாதீங்க" என்றார்.

லித்தியம் அயனி மின்கலத்துக்குள் ஒரு பக்கம் கிராஃபைட்டும் மறுபக்கம் உலோக ஆக்சைடும் இருக்க, இடையில் கரிமக் கரைப்பான் ஒன்றின் வழியாக லித்தியம் அயனிகள் போய்வருகின்றன. இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கரைப்பான் என்றென்றைக்கும் நிலைத்திருப்பதில்லை. மின்கலம் முழுச் சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டை ஒட்டிய அளவில், நாள்கணக்கில் வெயில் புழுக்கத்தில் இருக்கும்போது கரைப்பான் சிறிது சிறிதாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு முதலான வாயுக்களை விடுகிறது. மின்கலத்தைச் சுற்றியிருப்பது மெல்லிய அலுமினியப் பை என்பதால், வாயு வெளியேற வழியின்றிப் பை உப்புகிறது. உப்பிய பை, பசையிட்டு ஒட்டிய திரையை நெம்பித் தூக்குகிறது. இரவு முழுவதும் சார்ஜரில் மாட்டிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் அடியில் எட்டு ஆண்டுகள் அப்படிக் கிடந்த பொருள் உப்பியதில் வியப்பில்லை.

பேட்டரியை மாற்றலாம், ஆனால் அதற்குத் திரையைப் பெயர்க்க வேண்டும், பெயர்க்கும்போது கண்ணாடி விரிசல் விட்டால் தொடுதிரை போய்விடும். திரை போனால் என்ன, உள்ளிருக்கும் சில்லைக் கழற்றித் தரவை எடுத்துவிடலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய கணினிகளில் அது நடந்தது. இன்றைய டேப்லெட்டில் நடக்காது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மறையாக்கம் செய்து சேமிக்கும் முறை 2016இல் ஆண்ட்ராய்டு 7உடன் வந்தது; 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கருவிகளில் அது கட்டாயம். அதைத் திறக்கும் சாவி, நாம் இடும் பூட்டு எண்ணும் ப்ராசசர் சில்லுக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் உருவாகும். ஆகவே நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறோரிடத்தில் படித்தால் கிடைப்பது பொருளற்ற எண்குவியல்தான். ஐபேடிலும் இதே நிலைதான். திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் இந்த ஏற்பாடு, திரை உடைந்த அன்று நம்மையும் வெளியே நிறுத்திவிடுகிறது. படம் தெரிந்து தொடு உணர்வு மட்டும் போயிருந்தால், மவுஸ், பென்டிரைவ் போன்றவற்றை டேப்லெட்டில் செருக உதவும் ஓடிஜி இணைப்பில் ஒரு மவுஸைச் செருகிப் பூட்டு எண்ணை இடலாம். படமும் இல்லையென்றால் வழி மிகக் குறுகிவிடும்.

திரை நன்றாக இருந்தாலும் சேமிப்பகம் நிரந்தரமானதன்று. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகத்தின் வழித்தோன்றலே டேப்லெட்டுக்குள் இருப்பது. மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட கோடிக்கணக்கான நுண்ணறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்து, எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதைக் கொண்டு தரவைப் படிக்கிறார்கள். ஓர் அறையில் மூன்று பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் மூன்றைச் சேமிக்கும் வகையில் எட்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. வெறும் படி, ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு என ஏழு ஆழாக்கு வரை எட்டு அளவுகளைப் பார்த்த மாத்திரத்தில் பிழையின்றிச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். படியின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருந்து நெல் மெல்லச் சிந்தினால், ஐந்து ஆழாக்கு நாளடைவில் நான்காகத் தெரியும். ஒவ்வொரு முறை அழித்தெழுதும்போதும் மின்கடத்தாப் படலம் சற்றே தேய்கிறது. இத்தகைய அறை சில ஆயிரம் முறை அழித்தெழுதலைத் தாங்கும். வெப்பம் கூடினால் எலக்ட்ரான் கசிவும் கூடும். கசிவினால் நேரும் சிறு பிழைகளைச் சில்லே கணக்கிட்டுத் திருத்திக்கொள்வதால் ஆண்டுக்கணக்கில் நமக்கு எதுவும் தெரிவதில்லை. திருத்தும் எல்லையைக் கடந்த பின்னரே ஒரு படம் பாதி சாம்பல் நிறமாகத் திறக்கிறது. பென்டிரைவும் இதே இனம்தான். முக்கியமான படங்களைப் பென்டிரைவில் போட்டு, ஐந்து ஆண்டுகள் பீரோவில் பூட்டிவைப்பதைக் காப்புநகல் என்று நான் ஏற்க மாட்டேன்.

இனி, நகலெடுத்த கதை. உப்பிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஆனால் கணினியோடு கேபிளில் இணைத்தால் கணினி தானாகவே சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். ஓடிஜி வழியாகப் பென்டிரைவைச் செருகினால் நிலைமை தலைகீழ்: டேப்லெட்தான் பென்டிரைவுக்கு மின்சாரம் தரும், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் குறைந்த பேட்டரியில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு என்பதால் இந்த வழியே மேல். 61 விழுக்காடு சார்ஜ் இருந்தது. பாய், மெத்தை எதுவும் அருகில் இல்லாத திண்ணையின் சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்திலேயே அமர்ந்து நகலெடுத்தேன். 41 ஜிபி நகலாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. இடையில் ஒரு நீண்ட காணொளி மட்டும் ஏறாமல் நின்றது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்ததே காரணம். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காணொளியை இரண்டாக வெட்டி ஏற்றினேன்.

இதையே இணையத்தில் ஏற்றியிருந்தால்? எங்கள் வீட்டுக்குள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மேலேற்ற வேகம் நொடிக்கு 3 மெகாபிட் கிடைக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். கணக்குப் போட்டால் 41 ஜிபிக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. சாகக் கிடக்கும் கருவியில் அந்த முப்பது மணி நேரத்தை நம்பி உட்கார முடியாது.

இணையவழி மேகச் சேமிப்பில் "எல்லாம் தானாகவே ஏறியிருக்கும்" என்ற நம்பிக்கையிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. ஒத்திசைவில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் ஃபோட்டோஸில் அவ்வாறு அழித்த படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்துவிட்டுப் போய்விடும். இரண்டாவது, ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புநகல் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும். அதையும் வேண்டாமென்று செயலியைச் செய்தவர் தடுத்துவிடலாம். அம்மாவின் குரல்பதிவுகள் அப்படியொரு செயலியின் உள்ளறையில் இருந்தன. கோப்புகளைப் பார்க்கும் செயலியில் அவை தென்படவே இல்லை. பதிவுச் செயலியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பகிர்ந்து, வெளிக்கோப்புறையில் சேர்த்த பிறகே பென்டிரைவுக்குச் சென்றன. நகலெடுக்கும்போது மிகுந்த நேரம் பிடித்தது இதற்குத்தான்.

பென்டிரைவிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்குகளுக்கு மாற்றினேன். விதைநெல்லை ஒரே இடத்தில் வைக்காத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒன்று வீட்டில், மற்றது தஞ்சாவூரில் தங்கை வீட்டில். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, டவர்களும் ஓய்ந்தன. அந்த நாள்களில் மேகத்தில் இருந்த நகலை யாரும் தொட முடியவில்லை. கூரை பறந்த வீட்டில் ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியிருக்குமா என்பதும் ஐயமே. நகல் சரியாக வந்ததா என்று பார்க்க ஷா-256 என்ற கணக்கீட்டைப் பயன்படுத்தினேன். எவ்வளவு பெரிய கோப்பையும் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். இரண்டு பக்கக் கைரேகைகளும் ஒத்திருந்தன. வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 அன்றும் தைப் பொங்கலன்றும் இரண்டு டிஸ்குகளையும் செருகிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அடுத்து, புதிய டேப்லெட். வைஃபை மட்டும் உள்ளதா, சிம் போடுவதா என்ற கேள்விக்குக் கடைக்காரர் விலையைச் சொல்வார். விடை டவருக்கும் நமக்கும் இடையில் இருக்கிறது.

டெல்டாவில் மலையில்லை. 40 மீட்டர் டவரின் உச்சியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தள்ளித்தான் வருகிறது. ஆனாலும் அலைகள் தென்னந்தோப்பையும் மூங்கில் குத்துகளையும் கடந்தாக வேண்டும். மழையில் நனைந்த இலைகள் காய்ந்த இலைகளைவிட அதிகமாக அலையை விழுங்கும். எந்த அலைவரிசை என்பதும் முக்கியம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். 5ஜி பெரிதும் நம்பியிருக்கும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 9 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை தோப்பையும் சுவரையும் ஓரளவு கடந்துவிடும், குட்டை அலை சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கிய 5ஜி, மன்னார்குடிக் கடைத்தெருவில் பாய்வதைக் கொண்டு வயற்காட்டுக்கு முடிவெடுக்கக் கூடாது. வாங்கப்போகும் டேப்லெட் 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகளை ஏற்குமா என்பதை அதன் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

டவரிலிருந்து தரவு வரும் முறை, ஆற்றுப்பாசனம் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு டவரின் கீழ் இருக்கும் அனைவருக்கும் ஒரே அலைக்கற்றைதான். அதை முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். 4ஜியில் ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு நொடி. தலைமடையில் நிற்பவருக்கும் கடைமடையில் நிற்பவருக்கும் ஒரே நேரம் முறை கிடைத்தாலும் வந்துசேரும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. சிக்னல் தெளிவாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் ஆறு பிட்டுகளோ எட்டு பிட்டுகளோ ஏற்றலாம். சிக்னல் மங்கினால் இரைச்சலில் பிழையாகாமலிருக்க இரண்டு பிட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலேற்றத்தில் நிலை இன்னும் மோசம். டவர் பல பத்து வாட் ஆற்றலோடு பேசுகிறது. நம் கையிலுள்ள 4ஜி கருவி வழக்கமாக 0.2 வாட்டுக்கு மேல் பேசுவதில்லை. காணொளி தடையின்றி ஓடும் அதே இடத்தில் ஒரு படத்தை அனுப்ப முடியாமல் தவிப்பது இதனால்தான்.

கருவியில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள்; ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் விருப்பப்படி வரைகிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் டெசிபல் கணக்கில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 80 என்றால் மிக நன்று. மைனஸ் 110 என்றால் ஒரு வாட்டின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் வந்துசேர்கிறது. பத்து எண் வேறுபாடு என்பது பத்து மடங்கு. எங்கள் கூடத்தில் என் செல்போன் மைனஸ் 114 காட்டியது. திண்ணைக்கு வந்தால் மைனஸ் 104. பம்புசெட்டுக் கொட்டகை வாசலில் மைனஸ் 97. கொட்டகைக்குள் தகரக் கதவைச் சாத்தினால் மீண்டும் மைனஸ் 110ஐத் தொட்டது.

பழைய சிம் டேப்லெட்டை மலிவாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ தொடக்கம் முதலே 3ஜி இல்லாத வலையமைப்பு; ஏர்டெல் 2020இல் 3ஜியை நிறுத்திவிட்டது. 3ஜி மட்டுமே தெரிந்த டேப்லெட், 2ஜியும் இல்லாத ஜியோவில் இணையவே இணையாது; ஏர்டெல்லில் 2ஜிக்கு இறங்கிவிடும். நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் 3 எம்பி படமொன்றை அனுப்ப நான்கு நிமிடம் ஆகும்.

சிம் உள்ளதா என்பதோடு ஜிபிஎஸ் உள்ளதா என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள வகைக்கு ஜிபிஎஸ் கிடையாது. அது சுற்றியுள்ள வைஃபை கருவிகளைக் கொண்டு இடத்தை ஊகிக்கும், நடுவயலில் ஊகிக்க எதுவும் இராது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் சிம் இல்லாமலேயே ஜிபிஎஸ் உண்டு. அதைக்கொண்டு நிலம் அளப்பதில் எனக்கு ஆர்வம் இருந்தது. ஒரு மா என்பது 100 குழி, 14,400 சதுர அடி. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 120 அடி. நான்கைந்து மீட்டர் பிசகும் ஜிபிஎஸ், 36 மீட்டர் பக்கத்தை அளந்தால் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவறலாம். உரக் கணக்குக்குப் போதும். வரப்புத் தகராறுக்கு உதவாது.

நான் வைஃபை டேப்லெட்டையே வாங்கினேன். தெருவுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. வயலுக்குப் போகும் நாள்களில் சட்டைப்பையில் செல்போன் எப்படியும் இருக்கும், ஹாட்ஸ்பாட் போதும். செல்போனின் பேட்டரி வேகமாக இறங்கும், சூடேறும். வாரத்தில் இரண்டு நாளுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மிச்சமான பணத்தில்தான் அந்த இரண்டு ஹார்டு டிஸ்குகள்.

ஊர் ஊராகச் சென்று தடுப்பூசிக் கணக்கைப் பதிவு செய்யும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே முடிவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் போட்டா மத்தியானமே போன் அணைஞ்சிடுது தம்பி, அப்புறம் யாரு கூப்பிட்டாலும் எடுக்க முடியல" என்றார். அவருக்குச் சிம் டேப்லெட்தான் சரி. செல்போனில் இருக்கும் நிறுவனத்தின் சிம்மையே இதிலும் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஒரு நிறுவனத்தின் கடைமடை இன்னொரு நிறுவனத்தின் தலைமடையாக இருக்கக்கூடும். அவர் வாங்கி வந்து, வழக்கமாகச் சிக்னல் கிடைக்காத ஆற்றங்கரைத் தெருவில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். செல்போனில் மைனஸ் 117, டேப்லெட்டில் மைனஸ் 99.