இழுத்தாலும் மாறாத எண்

ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடினால் அது நேர் விகிதம் என்றுதான் பலர் மனதில் பதிந்திருக்கிறது. பாதி சரி. ஒன்று இரட்டித்தால் மற்றொன்றும் இரட்டிக்க வேண்டும்; அதாவது ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். இந்தப் பாதி சரியான விளக்கம் எங்கே கைவிடும் என்பதை வாயால் விளக்குவதைவிட, ஒரு சதுரத்தின் மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டுவது சுலபம்.

அதற்கு இயங்கு வடிவியல் மென்பொருள் வேண்டும். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜியோஜீப்ரா இப்போது பரவலாகப் புழங்குகிறது. காகிதத்தில் வரைந்த சதுரம் வெறும் நான்கு கோடுகள். இங்கே அது ஒரு செய்முறை. இரண்டு மூலைகளை நாம் வைக்கிறோம். மற்ற இரண்டும் செங்கோணம், சம நீளம் என்ற நிபந்தனைகளிலிருந்து பிறக்கின்றன. நாம் வைத்த மூலையை இழுத்தால், மென்பொருள் அந்தச் செய்முறையை முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டு வரைகிறது. அதனால் எப்படி இழுத்தாலும் சதுரம் சதுரமாகவே இருக்கும். கண் அளவில் நான்கு கோடுகளை ஒட்டவைத்தால் முதல் இழுப்பிலேயே கோணலாகிவிடும்.

இனி, கிடை அச்சில் பக்கத்தையும் செங்குத்து அச்சில் சுற்றளவையும் கொண்ட ஒரு புள்ளியை வைத்து, அது நகரும் தடத்தைப் பதியச் செய்யுங்கள். மூலையை இழுக்க இழுக்க, ஆதிப்புள்ளியை நோக்கி ஒரு நேர்கோடு உருவாகும். அதன் சாய்வு, அதாவது பக்கம் 1 கூடும்போது சுற்றளவு கூடும் அளவு, 4. சுற்றளவுக்குப் பதில் மூலைவிட்டத்தை வைத்தால் சாய்வு 1.414… ஆகும். வட்டத்தில் விட்டத்தையும் சுற்றளவையும் எடுத்தால் 3.14159…, நமக்குத் தெரிந்த பை. பை என்பதும் ஒரு கோட்டின் சாய்வுதான் என்பதைப் படமாகப் பார்க்கும்போது வரும் சின்ன மகிழ்ச்சியைச் சூத்திரம் தருவதில்லை.

ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் எண்களைக் கையால் வகுத்துப் பார்க்காதீர்கள். பக்கம் 0.52 என்றால் மூலைவிட்டம் 0.74 என்று காட்டும், வகுத்தால் 1.42-க்கு மேல் போகும். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிக் காட்டியதால் வந்த பிழை இது. வகுத்தலையும் மென்பொருளிடமே விட்டால், அது உள்ளே வைத்திருக்கும் துல்லியமான எண்களைக் கொண்டு வகுக்கும். விகிதம் அசையாமல் நிற்கும்.

எனக்குப் பிடித்த சோதனை செவ்வகம். அகலத்தை 3 என்று பூட்டிவிட்டு நீளத்தை மட்டும் இழுங்கள். நீளம் 2 என்றால் சுற்றளவு 10. நீளம் 4 ஆகும்போது 14. நீளம் இரட்டித்தது, சுற்றளவு இரட்டிக்கவில்லை. ஆனாலும் தடம் அப்பழுக்கில்லாத நேர்கோடு! நேர்கோடு வந்தாலே நேர் விகிதம் என்று நினைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அது ஆதிப்புள்ளிக்குப் போகாமல், செங்குத்து அச்சை 6-ல் வெட்டும். நீளம் பூச்சியமானாலும் இரண்டு அகலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன அல்லவா, அந்த 6. அதனால் சுற்றளவை நீளத்தால் வகுத்தால் முதலில் 5, அடுத்து 3.5, நீளம் 100 ஆனால் 2.06 என்று விகிதம் சரிந்துகொண்டே போகும். 2-ஐ நெருங்கும், தொடாது.

அதே செவ்வகத்தில் பரப்பளவைப் பாருங்கள். ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு, சாய்வு 3. இங்கே பரப்பளவு நேர் விகிதம், சுற்றளவு இல்லை. சதுரத்திலோ நிலைமை தலைகீழ். சுற்றளவு நேர் விகிதம்; பரப்பளவின் தடம் மேல்நோக்கி வளையும் பரவளையம்.

ஏன் இப்படி? சதுரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று வடிவொத்தவை, வட்டங்களும் அப்படியே. வடிவொத்த உருவங்களில் எந்த நீளமும் மற்ற நீளங்களோடு ஒரே விகிதத்தில் வளரும். அகலம் பூட்டிய செவ்வகம் வளர வளர உருவமே மாறுகிறது, அதனால் சுற்றளவு பிசகுகிறது. ஆனால் அது ஒரே திசையில் மட்டும் நீள்வதால் பரப்பளவு நீளத்தோடு இணைந்தே போகிறது. சதுரமோ இரண்டு திசையிலும் விரிகிறது. பக்கம் இரட்டித்தால் பரப்பளவு 4 மடங்கு.

அந்தப் பரவளையத்தை நிமிர்த்தவும் வழி உண்டு. கிடை அச்சில் பக்கத்துக்குப் பதில் பக்கத்தின் வர்க்கத்தை வைத்து மறுபடி இழுங்கள். வளைவு நேராகி ஆதிப்புள்ளி வழியாகப் போகும், சாய்வு 1. வட்டத்தின் பரப்பளவை விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிரே வைத்தாலும் நேர்கோடுதான். வட்டங்களின் பரப்பளவுகள் விட்டங்களின் வர்க்கங்களுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் 12-ஆம் பகுதியில் நிறுவினார். அந்த விகிதத்துக்கு அவர் எண் எதுவும் தரவில்லை. திரை தருகிறது: 0.785…, பையில் நான்கில் ஒரு பங்கு.